அடுப்பில் சட்டி, தெருவில் பஸ்

கல்முனையிலிருந்து திருகோணமலைக்குப் போகிற அந்த பஸ்ஸின் ஹோர்ன் கேட்டால் உதயரூபனால் அடுப்படியில் நிற்க முடியாது. கையில் அகப்பை இருந்தால் அகப்பையோடு, வெங்காயம் இருந்தால் வெங்காயத்தோடு ஒழுங்கை முகப்புக்கு ஓடிவிடுவார். கல்லடியில் எங்கள் ஒழுங்கை பெரிய வீதியில் போய் முட்டுகிற இடத்தில் ஒரு சீமெந்துக் கட்டு இருக்கிறது. அதில் ஏறி நின்று, பஸ் பாலத்துப் பக்கம் போய் மறையும்வரை பார்ப்பார். திரும்பி வரும்போது வீட்டில் ஏதாவது ஒன்று கருகியிருக்கும்.

எனக்கும் அவருக்கும் இடையில் ஒரு தகர வேலிதான். நான் ஓட்டோ ஓடுகிறவன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து வாசலில் ஓட்டோவைக் கழுவிக்கொண்டு நிற்கிற நேரத்தில்தான் அவர் சோறு வடிப்பார். அதனால் அந்த வீட்டு அடுப்படியில் நடந்தவை முதலில் என் மூக்குக்கும் பிறகு காதுக்கும் வந்து சேர்ந்தன. மிச்சத்தை அவரே வேலிக்கு மேலால் சொல்லியிருக்கிறார்.

உதயரூபன் பனிச்சங்கேணியில் பிறந்தவர். தகப்பனும் அண்ணனும் வாவியில் தோணி விட்டவர்கள். இவருக்கு மட்டும் தண்ணீரில் நாட்டமில்லை. வீதியால் போகிற லொறிகளுக்குப் பின்னால் ஓடித் திரிந்தவர், ஒருநாள் ஒரு லொறியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டார். பிறகு சாரதி. கல்லடியில் மங்கையற்கரசியைக் கட்டினார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவது வழக்கம். இவரும் வந்து சேர்ந்தார். ஆனால் இருந்தார் என்று சொல்ல முடியாது. விடிய முன்னம் கல்முனைக்குப் போய் பஸ்ஸை எடுத்தால், திருகோணமலைக்குப் போய்த் திரும்ப இருட்டிவிடும். பஸ்ஸில் எந்தச் சீட்டுக்குக் கீழே எந்த ஆணி கழன்றிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். வீட்டில் உப்புப் பேணி எங்கே இருக்கிறது என்று தெரியாது.

சீனி வருத்தம் அவருக்குப் பல வருடங்களாக இருந்தது. அது கண்ணுக்குள் புகுந்தது பிந்தித்தான் தெரிந்தது. ஒரு நாள் காயாங்கேணி வளைவில் வீதியின் குறுக்கே நின்ற மாடு அவருடைய வலது கண்ணுக்குப் படவே இல்லை. கடைசி நொடியில் பிரேக்கை மிதித்தார். மாட்டுக்கும் ஒன்றுமில்லை, ஆட்களுக்கும் ஒன்றுமில்லை. பின் சீட்டில் ஒரு அம்மா வைத்திருந்த இறால் கூடை மட்டும் கவிழ்ந்து பஸ் முழுக்க இறால் பரவியது. ஆட்கள் சிரித்துக்கொண்டே பொறுக்கிக் கொடுத்தார்கள். இவர் சிரிக்கவில்லை. அன்று பின்னேரமே முதலாளியின் வீட்டுக்குப் போய், பஸ்ஸின் திறப்புக் கொத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தார். பெரியாஸ்பத்திரியில் கண்ணுக்கு லேசர் பிடித்தார்கள். ஒரு கரிய புகை மாதிரி ஏதோ அந்தக் கண்ணில் தங்கிவிட்டது. இனி ஆட்களை ஏற்றி ஓடக்கூடாது என்று டொக்டர் சொன்னார். அதை அவர் சொல்ல முதலே இவர் முடிவெடுத்திருந்தார்.

முடிவெடுத்தது தலை. உடம்புக்கு அது தெரியாது. விடிய முன்னம் உடம்பு எழும்பிவிடும். முற்றத்தைக் கூட்டுவார், திரும்பவும் கூட்டுவார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றித் திரும்பப் பூட்டினார். அது பிறகு ஓடவில்லை. கிணற்றடிக்கும் கேற்றுக்குமாக நடந்தே மண்ணில் ஒரு தடம் விழுந்துவிட்டது.

மங்கையற்கரசி அக்கா குடும்பநல மாது. ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பது, பிறந்த பிள்ளைகளை நிறுப்பது, தாய்மாருக்குப் புத்தி சொல்வது என்று ஓடித் திரிகிற வேலை. மகள் நிருஷா உயர்தரம் படிக்கிறாள். இத்தனை காலமும் அக்காதான் விடிய எழும்பிச் சமைத்து மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போவார்.

"இனி நீ விடிய எழும்பத் தேவல்ல அரசி. சமையல நான் பாக்கிறன்" என்று ஒரு நாள் இவர் சொன்னார்.

"நீங்களா? தேத்தண்ணி ஊத்தத் தெரியுமா உங்களுக்கு?"

"வெருகல் றோட்டில மழைக்குள்ள பஸ் ஓடினவன் நான். சோறு ஆக்கிறது பெரிய விசயமா?"

அக்கா அவரை அடுப்படிக்குள் கூட்டிக்கொண்டு போனார். உப்புப் பேணி எங்கே, தூள் பேணி எங்கே என்று மட்டும் காட்டிக் கொடுத்தார்.

முதல் நாள் சோறு அடிப்பிடித்தது. மேலால் அள்ளிப் போட்டால் தெரியாது என்று நினைத்தார். கருகல் மணம் மேலேயும் ஏறும் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. பிட்டுக்கு மா குழைக்கும்போது கொதிதண்ணீரை ஒரே ஊற்றாக ஊற்றினார். மா ஒரு பந்தாகச் சுருண்டது. அதை நீத்துப்பெட்டியில் போட்டு அவித்து, கத்தியால் வெட்டி மகளுக்கு வைத்தார்.

நிருஷா ஒரு துண்டைக் கையில் எடுத்து நிறை பார்த்தாள். "அப்பா, இதால மதில் கட்டலாம்."

"சம்பலோட தின்னு. தெரியாது."

"பல்லுக்குத் தெரியும்."

செத்தல் மிளகாயை வெறும் சட்டியில் வறுக்கும்போது ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஹோர்னும் அந்த நேரம் பார்த்துக் கேட்டது. அன்று ஒழுங்கை முழுக்க இருமியது. என் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீதிக்கே போய்விட்டாள். இவர் சீமெந்துக் கட்டிலிருந்து ஓடி வந்து, முகத்தில் துவாயைக் கட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்து, சட்டியோடு வெளியே வந்தார். தீயணைப்புக்காரர் ஒரு பிள்ளையை மீட்டு வருவதுபோல இருந்தது.

எல்லாவற்றிலும் அவரைத் திணறடித்தது சொதி. தேங்காய்ப்பாலில் வைக்கிற சாதாரண மஞ்சள் சொதி. எங்கள் பக்கத்தில் அது இல்லாத மத்தியானச் சோறு இல்லை. வெங்காயமும் பச்சை மிளகாயும் வெந்தயமும் இரண்டாம் பாலில் வேக வேண்டும். பிறகு முதற்பாலை விட்டு, கை விடாமல் துழாவி, கொதித்துப் பொங்க முதல் இறக்கி, ஆறவிட்டுத்தான் தேசிக்காய் பிழிய வேண்டும். இவர் எல்லாப் பாலையும் ஒன்றாக ஊற்றி, அடுப்பில் வைத்தபடியே தேசிக்காயும் பிழிந்துவிட்டு வீதிக்கு ஓடினார். வந்து பார்த்தால் பால் வேறு, தண்ணீர் வேறு. மறுநாள் பாலைப் பிரித்து ஊற்றினார், துழாவ மறந்தார். அதற்கடுத்த நாள் துழாவினார், ஹோர்ன் கேட்டது. ஒவ்வொரு நாளும் ஒரு பிழையைத் திருத்துவார், இன்னொன்று முளைக்கும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: ஒருநாளும் ஒளித்துக் கொட்டவில்லை. திரைந்த சொதியை மேசையில் வைத்து, தானும் ஊற்றிச் சாப்பிட்டு, என்ன பிழை என்று அக்காவிடம் கேட்பார். அக்காவும் களைத்து வந்திருந்தாலும் சொல்லுவார். இப்படியே பருப்பு சரிவந்தது, பூசணிக்காய் சரிவந்தது, மீன் ஆணம்கூட ஓரளவு வந்தது. பிட்டு உதிரத் தொடங்கியது. அந்த வீட்டில் மெல்ல மெல்லச் சிரிப்பும் கூடியது.

அந்தச் சிரிப்பு வைகாசி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமையோடு நின்றது.

அன்று சோற்றை வடித்து, கொதிக்கிற கஞ்சிச் சட்டியைத் தூக்கி ஆறட்டும் என்று அடுப்படி வாசலுக்கு உள்பக்கமாக நிலத்தில் வைத்திருக்கிறார். எடுத்து ஓரமாக வைக்கத்தான் நினைத்தாராம். அதற்குள் ஹோர்ன். போய்விட்டார். வகுப்பில்லாமல் வீட்டில் நின்ற நிருஷா கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு, துவாயால் முகத்தைத் துடைத்தபடியே உள்ளே வந்தாள். இடது கால் நேரே சட்டிக்குள் இறங்கியது.

அவள் கத்தின சத்தத்துக்கு நான் கையிலிருந்த வாளியோடு வேலியைத் தாண்டினேன். நான் போகும்போது அவள் நிலத்தில் இருந்தபடி காலைப் பிடித்துக்கொண்டு துடித்துக்கொண்டிருந்தாள். வாளித் தண்ணீரைக் காலில் ஊற்றினேன். கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றினேன். என் மனைவி பற்பசையோடு ஓடி வந்தாள்.

"வேணாம் மாமி, அதுகள் பூசக்கூடாதெண்டு அம்மா சொல்லுறவா" என்று அந்த வேதனையிலும் பிள்ளை தடுத்தது. "தண்ணிய மட்டும் ஊத்துங்க."

உதயரூபன் அப்போது வீதியில் நின்றார். பஸ்ஸின் இரைச்சலில் மகள் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. ஆறுதலாக நடந்து வந்து கேற்றைத் திறந்தவர், முற்றத்தில் தண்ணீர் ஓடுவதையும் நான் குனிந்து நிற்பதையும் கண்டு, "என்ன தம்பி, பைப் உடைஞ்சிட்டா?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் அவளுடைய காலைப் பார்த்தார்.

என் ஓட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மகளின் காலைத் தன் மடியில் வைத்து, ஈரத் துணியால் மூடி, பின் சீட்டில் அவர் இருந்தார். கல்லடிப் பாலத்தில் நெரிசல். முன்னால் போகிற வாகனங்களை முந்து, இப்படி வெட்டு, அப்படி வெட்டு என்று ஒரு சொல்லும் அவர் வாயிலிருந்து வரவில்லை. வேறு நாள் என்றால் என்னை ஓடவே விட்டிருக்க மாட்டார்.

அக்கா கிளினிக்கிலிருந்து சீருடையோடு வந்து சேர்ந்தார். காலைப் பார்த்தார், தாதியோடு பேசினார், மகளின் தலையைத் தடவினார். கணவரின் பக்கம் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்தபிறகுதான் பேசினார். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"உங்களுக்குச் சமைக்கத் தெரியாம இல்ல. நிக்கத் தெரியல்ல."

கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நிண்டா எல்லாம் ஞாபகம் வருது அரசி" என்றார். "பஸ்ஸ நிப்பாட்டி வைச்சாலும் காலுக்குக் கீழ எஞ்சின் ஆடிக்கொண்டிருக்கும். இஞ்ச ஒண்டும் ஆடுதில்ல. அடுப்புக்கு முன்னால சும்மா நிண்டா, இந்தக் கண்ணுக்குள்ள இருக்கிற புகைதான் தெரியுது."

அக்கா அதைக் கேட்டு இளகிவிட்டார் என்று சொன்னால் பொய். அவருக்குக் கோபம் தணியவில்லை. பரீட்சை நெருங்கி வருகிறது, பிள்ளை நடக்க முடியாமல் கிடக்கிறாள். மறுநாளிலிருந்து அவரே விடிய எழும்பினார். முடியாத நாட்களில் சந்திக் கடைச் சோற்றுப் பார்சல் வந்தது. உதயரூபன் அடுப்படிப் பக்கமே போகவில்லை. தேத்தண்ணி குடிக்கவும் உள்ளே போகமாட்டார். கிணற்றடிக்கும் கேற்றுக்கும் நடந்தார். ஹோர்ன் கேட்டபோதும் வீதிக்குப் போகவில்லை. கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, பிறகு இன்னும் வேகமாக நடந்தார். எனக்கு அதைப் பார்க்கவே ஒருமாதிரியாக இருக்கும். ஓட்டோவைக் கழுவுவதைச் சுருக்கிக்கொண்டு சவாரிக்குப் போய்விடுவேன்.

மறுபடி அவரை அடுப்படிக்குள் இழுத்தவள் நிருஷா. கடைப் பார்சல் வந்து கிடந்த ஒரு நாள், கட்டுப் போட்ட காலைக் கதிரையில் நீட்டியபடி அவள் கூப்பிட்டாள்.

"அப்பா, இந்தச் சோறு வாய்க்குள்ள போகுதில்ல. சொதி ஒண்டு வைச்சுத் தாங்க."

"வேணாம் புள்ள. எனக்குப் பயமா இருக்கு."

"பயமா இருந்தா நல்லம்தானே. போன முறை பயமில்லாமத்தான் சட்டிய வாசல்ல வைச்சீங்க."

அவர் கேற்றுப் பக்கம் திரும்பினார். அவள் விடவில்லை. "என்னையும் அடுப்படியில கொண்டு இருத்துங்க. நான் சும்மாதானே இருக்கிறன். படிச்சுக்கொண்டு உங்களப் பாக்கிறன்."

கதிரையோடு மகளைத் தூக்கி அடுப்படி வாசலில் வைத்தார். அவள் உயிரியல் பாடத்தை விரித்து, புத்தகத்தை அவருடைய கையில் கொடுத்தாள். கேள்வியை அவர் வாசிக்க வேண்டும், அவள் விடை சொல்லுவாள். ஒரு கையில் அகப்பை, மறு கையில் புத்தகம். நல்ல கண்ணுக்கு நேரே புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் எழுத்துக் கூட்டுவார். "ஒளித்தொகுப்பின் இருள் தாக்கம்... என்ன புள்ள இது, இருட்டுக்குள்ள என்ன தாக்கம்?" அவள் விளக்குவாள். அவருக்கு விளங்காது. இன்னொரு தரம் விளக்குவாள். அதற்குள் சொதி ஆவி விட்டது. அன்றைக்கு ஹோர்னும் வந்தது.

அவருடைய கால் திரும்பிவிட்டது. நிருஷா தலையை நிமிர்த்தவில்லை. "அப்பா, பஸ்ஸ ஸ்டார்ட்டில விட்டுட்டு இறங்கிப் போவீங்களா நீங்க?"

"ஹாண்ட் பிறேக் போட்டுட்டுப் போவன்."

"அப்ப போட்டுட்டுப் போங்க."

அவர் கேஸ் அடுப்பை நூர்த்துவிட்டுப் போனார். திரும்பி வந்து மூட்டினார். அதன்பிறகு அதுவே சட்டமாயிற்று: அடுப்படியை விட்டு ஒரு அடி வைப்பதென்றாலும் நெருப்பு நூர வேண்டும், சூடான சட்டி எதுவும் நிலத்தில் இருக்கக்கூடாது. கிணற்றடிக்குப் போனாலும் நூர்த்தார், யாரும் கேற்றில் கூப்பிட்டாலும் நூர்த்தார். கொஞ்ச நாள் அந்த வீட்டுச் சோறு நின்று நின்று வெந்த சோறாக இருந்தது. நடுவில் அரிசி, ஓரத்தில் களி. அக்கா அதையும் சாப்பிட்டார். நூர்த்து மூட்டி, நூர்த்து மூட்டி அவருக்கே அலுத்துப்போயிருக்க வேண்டும். சில நாட்களில் ஹோர்ன் கேட்டும் வீதிப் பக்கம் ஆளைக் காணவில்லை. சில நாட்களில் கண்டேன். ஒரேயடியாக மாறிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். நிற்கிற நேரத்திலும் அவர் சும்மா நிற்பதில்லை. அடுப்புக்கு முன்னால் இரண்டு அடி அங்கே, இரண்டு அடி இங்கே என்று நடந்துகொண்டேதான் துழாவுவார்.

நிருஷாவின் கால் ஆறி, அவள் வகுப்புக்குப் போகத் தொடங்கியபின் ஆடி அமாவாசை வந்தது. தகப்பன் இல்லாதவர்கள் அன்று அமிர்தகழி மாமாங்கக் கோயிலுக்குப் போய்த் தீர்த்தமாடி, பிதிர்க்கடன் கொடுத்து, வீட்டில் மரக்கறிச் சமையலோடு விரதம் முடிப்பார்கள். உதயரூபனின் அண்ணன் கனகசிங்கம் பனிச்சங்கேணியிலிருந்து ஒவ்வொரு வருடமும் அமிர்தகழிக்கு வருவார். தீர்த்தம் முடிந்து தம்பி வீட்டில்தான் சாப்பாடு. அக்காவுக்கு அன்று கிளினிக். லீவு எடுக்கிறேன் என்றவரை இவர்தான் தடுத்தார்.

"அப்பாக்குச் செய்யிற விரதம். நானே ஆக்கிறன்."

"அண்ணன் நக்கலடிப்பார்."

"அடிக்கட்டும்."

விடியவே மாமாங்கக் குளத்தில் முழுகிவிட்டு, அண்ணனைக் கோயில் சனத்துக்குள் விட்டுவிட்டு, என் ஓட்டோவில் முன்னால் வந்து சேர்ந்தார். என்னையும் சாப்பிட மறித்துவிட்டார். பூசணிக்காய் இறங்கியது, பருப்பு இறங்கியது, கீரை இறங்கியது, சொதியும் இறங்கியது. சோறு பாதி கொதிக்கும்போது கேஸ் முடிந்தது.

சிலிண்டரை ஆட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. ஓட்டோவில் கடைக்கு ஓடுவோமா என்று கேட்டேன். சனத்துக்குள் பாலம் தாண்டிப் போய் வர எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியாது. அவர் முற்றத்துக்கும் அடுப்படிக்கும் இடையில் சுழன்றார். நான் நினைத்தேன், இனிக் கேற்றுக்கும் கிணற்றுக்கும் நடை தொடங்கும் என்று. அவர் நின்றார். வேலியோரத்தில் கிடந்த மூன்று கற்களைக் காலால் உருட்டிச் சேர்த்தார். "தம்பி, உங்கட பின் கோடிக்குள்ள தேங்காய் மட்டை கிடக்கு. சுறுக்கா எடுத்துத் தாங்க."

முற்றத்தில் புகையோடு நெருப்பு பிடித்தது. பானையைத் தூக்கி அதில் ஏற்றினார். கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, நல்ல கண்ணிலும்தான். மட்டையைத் தள்ளி, ஊதி, அகப்பையால் அடியைக் கிளறிக்கொண்டு குந்தியிருந்தார். அந்த நேரத்தில் ஹோர்ன் கேட்டது. அமாவாசைச் சனத்துக்காகப் போலும், இரண்டு மூன்று தரம் நீளமாக அடித்தார்கள். அவருடைய கை நின்றது. தலை வீதிப் பக்கம் திரும்பியது. பிறகு கை திரும்பவும் கிளறத் தொடங்கியது. பஸ்ஸின் சத்தம் பாலத்துப் பக்கம் போய்த் தேயும்வரை அவர் தலை மட்டும் நெருப்புப் பக்கம் திரும்பவில்லை.

கனகசிங்கம் வந்தார். ஈரத் தலை, நெற்றி நிறையத் திருநீறு. தம்பி முற்றத்தில் புகைக்குள் குந்தியிருக்கிற கோலத்தைப் பார்த்துச் சிரித்தார். "ஊரில சொன்னாங்க, நம்பல்ல. பொண்டாட்டி வேலைக்கு, புருசன் சட்டிக்கு. மறுகா சீலையும் கட்டுவியா?"

"கை கழுவிட்டு வாங்க அண்ணன்" என்றார் இவர்.

வாழையிலை போட்டு மூவரும் இருந்தோம். சோறு கொஞ்சம் குழைந்திருந்தது, புகை மணமும் இருந்தது. கனகசிங்கம் அதைச் சொல்லிக்காட்டிச் சிரித்தார். பிறகு சொதியை ஊற்றினார். திரும்பச் சோறு கேட்டார், திரும்பச் சொதி கேட்டார். கடைசியில் இலையில் மிச்சம் இருந்ததை விரலால் வழித்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

கை கழுவக் கிணற்றடிக்குப் போன இரண்டு பேரையும் வெகுநேரமாகக் காணவில்லை. அங்கே என்ன நடந்தது என்று பின்னர்தான் உதயரூபன் எனக்குச் சொன்னார்.

வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் கேட்டாராம்: "பால் திரையாம எப்பிடி எடுக்கிறாய்?"

"என்னத்துக்கு உங்களுக்கு? மச்சாள் வைப்பாதானே."

கனகசிங்கத்தின் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் மாதக்கணக்காகிவிட்டது. அதைத் தம்பிக்குக்கூட அவர் சொல்லவில்லை. ஊரில் மனைவியின் தமக்கைதான் சமைத்துத் தருகிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறார். உண்மையில் அவரும் இரண்டு பொடியன்களும் பேக்கரிப் பாணும் கடைப் பார்சலும்தான். வாவியில் பிடிக்கிற மீனை விற்றுவிட்டு, வீட்டில் ஆக்கத் தெரியாமல் ரின்னில் அடைத்த மீன் வாங்கித் தின்றிருக்கிறார்கள்.

"சின்னவன் ஒண்டும் தின்னுறானில்ல தம்பி. மூத்தவன் பேசுறானில்ல. நான் ஒருக்கா ஆக்கிப் பாத்தன். நாயும் மணந்து பாத்துட்டுப் போயிட்டு."

இதைச் சொல்லும்போது சிரித்தாராம். தம்பி சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழம வாறன்" என்றார்.

வெள்ளிக்கிழமை பனிச்சங்கேணிக்குப் போவதென்றால் அந்த பஸ்ஸில்தான் போக வேண்டும். திறப்பை வைத்த நாளிலிருந்து அவர் அதில் ஏறியதில்லை. நான் ஓட்டோவில் கொண்டு போய் விடுகிறேன் என்றேன். "இல்ல தம்பி" என்றார். காலையில் தேங்காய்ப் பையோடு ஒழுங்கை முகப்பில் நின்றார். அன்றைக்குச் சீமெந்துக் கட்டில் ஏறவில்லை, கையைக் காட்டி பஸ்ஸை மறித்தார்.

கொண்டக்டர் றிஸ்லான், ஓட்டமாவடிப் பொடியன். இவரோடு வருடக்கணக்காக வேலை செய்தவன். கதவில் தொங்கிக்கொண்டு வந்தவன் இவரைக் கண்டதும் குதித்து இறங்கிப் பையை வாங்கினான். "அண்ணன்! எங்க இவ்வளவு நாளும்? வாங்க, வாங்க, முன் சீட்டில இரிங்க." சாரதிக்குப் பின்னால் இருந்தவரை எழுப்பி இவரை அதில் இருத்தினான். புதுச் சாரதி கண்ணாடிக்குள்ளால் இவரைப் பார்த்துப் பார்த்து ஓடியிருக்கிறான். பயத்தில் கியர் சரியாக விழவில்லையாம். இவருக்கோ ஒவ்வொரு வளைவிலும் வலது கால் தானாகத் தரையை மிதிக்கிறது. ஏறாவூர் தாண்ட முதலே தொடை கடுத்துவிட்டது. காயாங்கேணி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்க்க, மாங்கேணி.

"இறங்கி ஓடிரலாம் போல இருந்திச்சு தம்பி" என்று அவர் சொன்னார். "பிறகு மடியில தேங்காய் இருக்கெண்டு இருந்திட்டன்."

அண்ணனின் வீட்டில் கேஸ் இல்லை. தகரக் கொட்டிலில் விறகடுப்பு. பொடியன்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று பார்த்தார்கள். சித்தப்பா தேங்காய் துருவிப் பால் பிழிந்தார், வெங்காயம் வெட்டினார், இரண்டாம் பாலை ஏற்றினார். அண்ணனுக்கு ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னார். முதற்பாலை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கும்போது, பனிச்சங்கேணிப் பாலத்தில் திருகோணமலையிலிருந்து வருகிற எதிர் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. இவருடைய கை பழக்கத்தில் அடுப்பின் திருகைத் தேடியிருக்கிறது. விறகடுப்பில் ஏது திருகு? நூர்த்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். பாலத்தில் பஸ் வெயிலுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றவரை, பின்னால் பொடியன்களின் சிரிப்பு திரும்ப வைத்தது. சொதி பொங்கி, திரைந்து, சாம்பலில் வழிந்துகொண்டிருந்தது.

"படிப்பிக்கப் போன நானே கோட்டை விட்டுட்டன்" என்று தலையில் அடித்துக்கொண்டார், எனக்குச் சொல்லும்போது.

கனகசிங்கம் சிரிக்கவில்லை. தம்பியின் கையிலிருந்து அகப்பையை வாங்கிக்கொண்டார். "நெருப்பு எனக்குத் தெரியும். நீ பாலச் சொல்லு" என்றார். மிச்சத் தேங்காயைப் பிழிந்து இரண்டாம் தரம் வைத்தார். முதற்பால் விட்டதும் எரிகிற விறகை வெளியே இழுத்துவிட்டு, தணலில் மட்டும் துழாவினார். இவர் வாசலில் இருத்தப்பட்டு, அங்கிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். இறக்கின கையோடு கனகசிங்கம் அவசரப்பட்டுத் தேசிக்காயை முழுசாகப் பிழிந்துவிட்டார். திரையவில்லை. தப்பியது.

நாலு பேரும் இருந்து சாப்பிட்டார்கள். சின்னவன் சோற்றைச் சொதியில் மிதக்கவிட்டு, கோப்பையைத் தூக்கிக் குடித்தான். மூத்தவன் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, "சித்தப்பா, பிட்டும் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டான். அன்று அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதானாம்.

பின்னேர பஸ்ஸில் இவர் திரும்பி வந்தார். முன் சீட்டு வேண்டாம் என்று நடுச் சீட்டில், ஒரு அம்மாவின் கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் இருந்து வந்தாராம். நான் வாசலில் நின்றேன். அக்கா ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு அப்போதுதான் கேற்றுக்குள் போனார்.

"அண்ணன்ட சொதி எப்பிடி?"

"புளிச்சிது" என்றார் உதயரூபன். "ஆனா திரையல்ல."

அடுத்த கிழமை பிட்டு. அண்ணன் வீட்டில் நீத்துப்பெட்டி இல்லையாம். ஓட்டோவில் டவுனுக்குப் போகும்போது ஒன்று பார்த்து வாங்கி வரச் சொல்லி, விடிந்ததிலிருந்து மூன்றாம் தரமாக வேலியில் வந்து நிற்கிறார்.